பாதித் தாளும் முழு வரலாறும்

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு உரோமானிய வெள்ளிக் காசுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து அக்காசுகளை மண் அழித்துவிடவில்லை. அதற்கு இரு பத்தாண்டுகளுக்குப் பின்னர் அச்சேறிய ஆங்கிலேய அரசின் பணத்தாள்களோ இன்று காண்பதற்கரியனவாகிவிட்டன. காசை மண் காத்தது. தாளை மனிதர்தாம் காக்க வேண்டும்.

1861ஆம் ஆண்டுச் சட்டம், தாள் வெளியிடும் உரிமையை வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகளிடமிருந்து அரசுக்கு மாற்றியது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய முதல் தாள்கள் ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பெற்றன. நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால், பம்பாய் வட்டத் தாள் கொங்குப் பருத்தி வணிகருக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் பணமன்று. 1903 முதல் 1911 வரையிலான காலத்திலேதான் 5, 10, 50, 100 ரூபாய்த் தாள்கள் படிப்படியாக நாடெங்கும் பொதுவாயின. எனவே, பழைய தாளில் நாம் முதலில் நோக்க வேண்டியது வட்டத்தின் பெயரையே.

அக்கால வணிகர் அஞ்சல் வழித் திருட்டுக்கு அஞ்சித் தாளை இரண்டாக வெட்டுவர். ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். பெற்றவர் எண்களை ஒப்பிட்டு ஒட்டிக்கொள்வார். ஆதலின், நடுவில் ஒட்டுள்ள தாளைப் பழுதென்று ஒதுக்கலாகாது. அவ்வொட்டு ஒரு வணிக வழக்கத்தின் சான்று.

முதல் உலகப் போரில் வெள்ளி அரிதானபோது, 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய்த் தாளும், 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாத் தாளும் வந்தன. 1946 ஜனவரியில் 500, 1000, 10000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாயின. கருவூலத்தில் கழிக்கப்பெற்ற தாள் அழிக்கப்பட்டது. திரும்பாத தாளே எஞ்சியது. கேட்பவருக்குத் தருவதாக அரசு அளித்த வாக்கு நிறைவேறாது நின்றதன் அடையாளம் அது. பெட்டியில் வைத்தவர் மறந்தாரோ, மறைந்தாரோ!

இத்தகைய தாள் கிடைப்பின், கழுவுதலும், தேய்த்தலும், நெகிழித்தாளில் ஒட்டி மூடுதலும் வேண்டா. அமிலமற்ற உறையிலிட்டு, எவ்வீட்டில், எந்தக் கணக்கேட்டினுள் கிடைத்தது என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பின்றேல் தாளுக்கு விலையிருக்கும், வரலாறு இராது.

1959இல் ஹஜ் பயணிகளுக்கென ரிசர்வ் வங்கி 10, 100 ரூபாய்த் தனித் தாள்களை வெளியிட்டது. அவை ஆங்கிலேயர் காலத்தவையல்ல. எனினும் நம் முன்னோரின் பயணப் பைகளில் இருந்தவை. நம் இல்லத்துப் பழம்பெட்டிகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்போமாக.