செடோனா: செம்பாறை ஊருக்கு ஒரு பயணத் திட்டம்

அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோர் பலர், டாலர் வாங்குவதற்காக எங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு வரும்போது ஒரு கேள்வியையும் உடன் கொண்டு வருகின்றனர். "ஆறு மாதம் அங்கே இருக்கப் போகிறோம்; எந்த ஊரைப் பார்த்தால் நன்றாக இருக்கும்?" நயாகரா, நியூயார்க், லாஸ் வேகாஸ் ஆகிய பெயர்கள் யாவரும் அறிந்தவை. அரிசோனா மாநிலத்தின் செடோனா அந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது. பீனிக்ஸ், சாண்ட்லர் போன்ற நகரங்களில் இந்தியக் குடும்பங்கள் பல வாழும் இந்நாளில், அங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு மணி நேர வாகனப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இவ்வூரைப் பற்றி எழுதுவது பயனுடையது எனக் கருதினோம்.

முதலிலேயே ஒன்றைக் கூறிவிடலாம். செடோனாவில் கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகளுக்குப் பெரிய கட்டணம் ஏதும் இல்லை. பணம் கரையும் இடங்கள் வேறு. எந்த மாதத்தில் செல்கிறோம், எத்தனை இரவு எங்கே தங்குகிறோம், வண்டிக்கு என்ன ஏற்பாடு, பணத்தை எவ்வகையில் செலுத்துகிறோம் என்பவையே செலவை முடிவு செய்கின்றன. அறுபது வயதைக் கடந்தோருக்கு இவற்றுள் முதலாவது, பணத்தை மட்டுமன்றி உடல்நலத்தையும் பொறுத்தது.

ஊரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,320 மீட்டர் உயரத்தில் அமைந்த, ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே வாழும் சிற்றூர் இது. நாற்புறமும் கோபுரங்களாகவும் மதில்களாகவும் எழுந்து நிற்கும் செந்நிற மணற்பாறைகள், சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணலிலிருந்து உருவானவை. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே செந்நிறத்துக்குக் காரணம். துருப்பிடித்த இரும்பின் நிறம் என்றே கூறலாம். உச்சியில் தெரியும் வெளிர்நிற அடுக்கு, பழங்காலத்து மணல்மேடுகள் கல்லாக இறுகியது. பாலைநிலம் என்றதும் வெறும் மணல்வெளியை எதிர்பார்க்க வேண்டா. ஓக் கிரீக் என்னும் ஓடை ஆண்டு முழுவதும் நீரோடு பாய்கிறது; கரையோரம் அடர்ந்த மரங்களும், சற்று மேலே சென்றால் சப்பாத்திக் கள்ளியும் காணலாம்.

ஊரின் பெயர் வந்த கதை சுவையானது. 1902 ஆம் ஆண்டில் இங்கு அஞ்சலகம் அமைக்கக் கோரியபோது முதலில் முன்மொழியப்பட்ட பெயர்கள் அஞ்சல் முத்திரைக்கு மிக நீளமாக இருந்தனவாம். ஆகவே முதல் அஞ்சலகத் தலைவரின் மனைவி செடோனா ஷ்னெப்ளி அம்மையாரின் பெயரே ஊருக்குச் சூட்டப்பட்டது. அதற்கும் முன்பே இம்மண்ணில் வாழ்ந்த யாவபாய், அப்பாச்சி மக்கள் 1875 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இப்பகுதியிலிருந்து வலுவில் வெளியேற்றப்பட்டுத் தொலைவிலுள்ள சான் கார்லோசுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். சுற்றுலாக் கையேடுகள் பல இதைச் சொல்வதில்லை. பயணி அறிந்திருப்பது நன்று.

இனி மாதம். நம் பெற்றோர் பெரும்பாலும் ஏப்ரலில் சென்று அக்டோபரில் திரும்புகின்றனர். அந்த ஆறு மாதத்தின் இரு முனைகளே செடோனாவுக்கு உகந்தவை, நடுப்பகுதி உகந்ததன்று. ஜூலையில் செடோனாவின் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். புறப்படும் இடமான பீனிக்சின் நிலை இன்னும் கடுமை: 2023 ஆம் ஆண்டில் தொடர்ந்து 31 நாட்கள் அங்கு வெப்பம் 43 டிகிரியைக் கடந்தது. "எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன?" என்று சிலர் நகைப்பதுண்டு. நம் கடற்கரை ஊர்களில் வியர்வை உடலில் தங்குகிறது; உடல் நீரை இழக்கிறது என்பது நமக்கே தெரிகிறது. வறண்ட பாலைக் காற்றிலோ வியர்வை தோன்றிய நொடியிலேயே உலர்ந்துவிடுகிறது. தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கனவே வாடியிருக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அங்கு பொதுவாகக் கூறப்படும் கணக்கு. நீர்பிரி மாத்திரை உட்கொள்வோரும் சர்க்கரை நோயாளரும் புறப்படுமுன் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மற்றொரு இடர் உண்டு. பிற்பகலில் திடீரென இடியுடன் மழை கொட்டும். தொலைவில் பெய்த மழையின் நீர், நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வறண்ட ஓடைகளில் பெருக்கெடுத்து வந்துவிடும். வெள்ளம் பாயும் சாலையில் தடுப்பு வைத்திருந்தும் அதை மீறி வண்டியைச் செலுத்திச் சிக்கிக்கொண்டால், மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் தனிச் சட்டமே இருக்கிறது. அச்சட்டத்தை மக்கள் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்று அழைக்கின்றனர். ஆகவே ஏப்ரல் மாதமோ அக்டோபர் மாதமோ தேர்ந்துகொள்க. அக்டோபரின் பிற்பாதியில் ஓக் கிரீக் பள்ளத்தாக்கின் இலைகள் பொன்னிறமாவது கூடுதல் காட்சி. மார்ச் மாதம் இதமானதே எனினும், பள்ளி கல்லூரி விடுமுறைக் கூட்டம் அப்போது மிகுதி. அறை வாடகையும் அவ்வாறே.

அறையைப் பொறுத்தவரை, ஊருக்குள் இரண்டு இரவு போதும் என்பது எங்கள் கருத்து. வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்துத் திங்கள் முதல் வியாழன் வரைக்குள் அமைத்துக்கொண்டால் வாடகை பெரும்பாலும் குறையும். வாடகையை ஒப்பிடும்போது வரியும் ரிசார்ட் கட்டணமும் சேர்ந்த முழுத்தொகையை மட்டுமே ஒப்பிட வேண்டும். முகப்பில் மலிவாகத் தெரிந்த அறை இறுதியில் விலை கூடியதாக அமைவது உண்டு. செடோனாவின் வாடகை கட்டுப்படியாகாதெனில் காட்டன்வுட், கேம்ப் வெர்டே ஆகிய அண்டை ஊர்களில் தங்கிக் காலையில் வந்து செல்லலாம். சமையலறையுடன் கூடிய அறை கிடைத்தால் மிக நன்று. அல்லாவிடினும் மகள் வீட்டுப் புளியோதரையும் தயிர்சாதமும் முதல் நாளைத் தாங்கும்; அமெரிக்க உணவகத்தில் விலைக்கு மேல் வரியும், அதற்கு மேல் பரிமாறுவோருக்கு 15 முதல் 20 சதவீத அன்பளிப்பும் சேரும் என்பதை நினைவிற்கொண்டால் கட்டுச்சோற்றின் அருமை விளங்கும்.

முதல் நாள் மாநிலச் சாலை 179 வழியாக ஊருக்குள் நுழையுங்கள். மணி வடிவில் நிற்கும் பெல் பாறை, அதை அடுத்து கோர்ட்ஹவுஸ் குன்று ஆகியவை வழியிலேயே எதிர்ப்படும். பெல் பாறையின் அடிவாரப் பாதை பெரும்பாலும் சமமானது. முழங்கால் வலி உள்ளவரும் வேண்டிய அளவு நடந்து திரும்பலாம். கதீட்ரல் பாறையின் பாதை குறுகியதாயினும் கைகளை ஊன்றி ஏற வேண்டிய செங்குத்து. அதை இளையோருக்கு விட்டுவிட்டுப் பெரியவர்கள் கிரெசண்ட் மூன் பூங்காவின் ஓடைக்கரையில் அமர்ந்து, அதே பாறை நீரில் தலைகீழாகத் தெரிவதைக் காணலாம். எங்களைக் கேட்டால் மேலேறிக் காண்பதைவிட இதுவே அழகு என்போம். ஊரின் இலவச ஷட்டில் பேருந்து ஓடும் நாட்களில் கதீட்ரல் பாறையடியிலுள்ள வாகன நிறுத்துமிடம் மூடப்படும். அந்நாட்களில் ஏறுவோர் பேருந்தையே நாட வேண்டும். வனத்துறைக்குரிய பல நிறுத்துமிடங்களில் 'ரெட் ராக் பாஸ்' என்னும் அனுமதிச்சீட்டு தேவை. ஒரு நாளுக்கு 5 டாலர் என்பது நெடுங்கால வழக்கம். கிரெசண்ட் மூன் பூங்காவுக்குக் கட்டணம் தனி.

பாறையின் இடுக்கில் 1956 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட திருச்சிலுவைச் சிற்றாலயமும், 2004 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அமிதாப புத்தரின் தூபியும் கட்டணமின்றிக் காணத்தக்கவை. சூரியன் மறையும் வேளைக்கு விமான நிலைய மேட்டுக்குச் செல்லுங்கள். இருட்டிய பின் உடனே அறைக்குத் திரும்பிவிட வேண்டா. தெருவிளக்கின் ஒளி வானத்தை மறைக்காதவாறு பேணும் ஊர் என்று 2014 ஆம் ஆண்டில் செடோனாவுக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. நம் நகரங்களில் காண இயலாத விண்மீன் கூட்டத்தை அங்கு வெறுங்கண்ணால் காணலாம். கட்டடங்கள் பாறைகளின் நிறத்தோடு முரண்படக்கூடாது என்பதும் ஊரின் விதி. அதனால்தான் உலகெங்கும் மஞ்சளாக இருக்கும் மெக்டொனால்ட்ஸ் வளைவுகள் இங்கு மட்டும் பசுநீல நிறத்தில் இருக்கின்றன.

சில பாறைகளிலிருந்து 'வோர்டெக்ஸ்' எனும் ஆற்றல் சுழல் வெளிப்படுகிறது என்று நம்புவோரும் உளர். அதற்கு அறிவியல் சான்று இல்லை. நம்புவோர் அந்தப் பாறைகளில் தாமே சென்று அமரலாம். அதற்கென வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்.

இரண்டாம் நாள் தெற்கே உள்ள மாண்டெசூமா கோட்டைக்கு உரியது. அது கோட்டையும் அன்று, மாண்டெசூமா மன்னருக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. சினாகுவா மக்கள் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் செங்குத்தான பாறையின் குகையில் கட்டிய ஐந்தடுக்குக் குடியிருப்பு அது. மேலே ஏற அனுமதியில்லை. கீழிருந்து காணும் நடைபாதை குறுகியதும் சமமானதும் ஆகும். கிராண்ட் கேன்யனையும் சேர்த்துக்கொள்ள விழைவோர் மூன்றாவது நாளை அதற்கு ஒதுக்க வேண்டும். போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2026 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத 16 வயது நிரம்பியோர் கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் செலுத்த வேண்டியுள்ளது. 250 டாலருக்கு ஆண்டு அனுமதி எடுத்தால் அக்கூடுதல் இல்லை. எது மலிவு என்பதை வருவோரின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுங்கள்.

இப்போது எங்கள் துறைக்கு வருவோம். டாலர் நோட்டுகளாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே எடுத்துச் செல்லலாம். உண்மையில் அவ்வளவும் தேவைப்படாது. சில நூறு டாலர் கையிருப்பு போதும். எஞ்சியதை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொண்டால் ஏற்றிய நாளின் மாற்று விகிதம் நிலைத்துவிடும். இங்குள்ள சாதாரணக் கடன் அட்டையை அங்கு தேய்த்தால் மாற்றுக் கட்டணம் சேரும். உங்கள் அட்டைக்கு அது 3.5 சதவீதம் எனில், அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 4.13 சதவீதமாகிறது. 2,00,000 ரூபாய்ச் செலவுக்கு 8,260 ரூபாய்.

கடைக்காரரின் கருவி "ரூபாயில் செலுத்தவா, டாலரில் செலுத்தவா?" என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியது என்று பலர் அதைத் தொடுகின்றனர். டாலரையே தேர்ந்துகொள்க, ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அன்று, அக்கருவியின் பின்னாலுள்ள நிறுவனம்.

எனினும் கடன் அட்டை ஒன்றை உடன் வைத்திருப்பது அவசியம். வாடகை வண்டி நிறுவனங்களும் தங்கும் விடுதிகளும் முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் முடக்கி வைக்கும். அது ஃபாரெக்ஸ் கார்டில் முடங்கினால் விடுபடப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை அப்பணத்தை நீங்கள் பயன்படுத்த இயலாது. கடன் அட்டையில் முடங்கினால் உங்கள் வரம்பு மட்டுமே குறையும். பெட்ரோல் நிலையத்தின் கருவி ஐந்திலக்க அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டு நம் அட்டையை மறுத்தால் கலங்க வேண்டா. உள்ளே சென்று காசாளரிடம் முன்கூட்டியே செலுத்தலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்டுள்ளதா என்பதை ஊரிலேயே பார்த்துவிடுங்கள். ஓடிபி வரும் கைப்பேசி எண்ணும் அங்கு இயங்க வேண்டும்.

வரி பற்றி அச்சம் தேவையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பயணத்துக்காகச் செலாவணி வாங்கினால் டிசிஎஸ் எனும் வரிப்பிடித்தம் இல்லை. முகவரிடம் முழுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் விதி வேறு; அங்கு முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. எவ்வாறாயினும் பிடிக்கப்பட்ட தொகை உங்கள் பான் கணக்கில் வரவாகும். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

செலவைச் சுருக்கக் கூடாத ஓரிடம் பயணக் காப்பீடு. பாறையில் இடறி எலும்பு முறிந்து ஓர் இரவு மருத்துவமனையில் இருந்தாலும், அமெரிக்காவில் அது முழுப் பயணச் செலவையும் விஞ்சிவிடக்கூடும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பின் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் சற்றுக் குறையலாம், இழப்பீடு முழுவதும் மறுக்கப்படலாம். முன்பே உள்ள நோய்களுக்கு எவ்வளவு வரை, எந்நிலையில் காப்பு உண்டு என்னும் பத்தியைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். பாலிசி எண்ணையும் உதவித் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி மகனிடமோ மகளிடமோ ஒரு படி கொடுத்துவிடுங்கள். அரிசோனா நேரம் ஆண்டு முழுவதும் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. கோடைக்காக அம்மாநிலம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எங்கள் கிளையை அழைக்க எண்ணுவோர் அங்கு இரவு பத்து மணிக்கு அழைத்தால் இங்கு காலை பத்தரை.

திரும்பி வந்தபின் எஞ்சிய டாலரை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கென 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நாணயங்களுக்கு வரம்பே இல்லை. அவை வீட்டுப் பிள்ளைகளின் உண்டியலுக்குப் போகட்டும்.