ரோமின் 445 நாள் ஆண்டும் நம் 23 நாள் இடைவெளியும்

தில்லி கிட்வாய் நகர் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு. 2025 ஏப்ரல் 14 அன்று அங்குள்ள தமிழர் வீடுகளில் சித்திரை 1, வருடப்பிறப்பு. இந்திய அரசிதழின் முகப்பில் ஆங்கிலத் தேதியோடு சேர்த்து அச்சாகும் சக ஆண்டுக் கணக்கிலோ அன்று சைத்ரம் 24. ஒரே சூரியனைப் பார்த்துப் போட்ட இரண்டு கணக்குகளுக்குள் 23 நாள் இடைவெளி!

நாட்காட்டிகள் பிசகுவதற்குப் பொதுவான ஒரு காரணம், பூமி சூரியனைச் சுற்றி வரும் காலம் முழு நாட்களுக்குள் அடங்காததுதான். பருவங்கள் திரும்பி வர 365 நாள், 5 மணி, சுமார் 49 நிமிடம் ஆகிறது. நாட்காட்டியை அதனோடு சரிக்கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை கி.மு. 46-ஆம் ஆண்டு ரோமில் கண்கூடாகக் காட்டியது.

ரோமானியரின் ஆண்டுக்கு 355 நாள். குறைவதை ஈடுகட்ட அவ்வப்போது பிப்ரவரியை ஒட்டி ஒரு கூடுதல் மாதம் சேர்ப்பார்கள். எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்வது பூசாரிகள் குழு. அதன் தலைமைப் பூசாரி ஜூலியஸ் சீசர். அவர் கால் (Gaul) நாட்டுப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் மூழ்கியிருந்த ஆண்டுகளில் கூடுதல் மாதங்கள் பல விடுபட்டுப்போயின. விளைவாக, நாட்காட்டி பருவத்தை விட ஏறக்குறைய மூன்று மாதம் முந்திக்கொண்டது.

சீசர் ஒரே ஆண்டில் கணக்கை நேர் செய்தார். 355 நாளோடு பிப்ரவரியில் 23 நாள். நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு புதிய மாதங்களாக 67 நாள். மொத்தம் 445. மனித வரலாற்றின் மிக நீண்ட ஆண்டுகளில் ஒன்று அது. அடுத்த ஆண்டு முதல் அலெக்சாந்திரியா அறிஞர் சொசிஜெனிஸ் வகுத்தபடி 365 நாள், நான்காண்டுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள். அதிலும் ஆண்டுக்கு 11 நிமிடம் மிகுந்தது. அது சேர்ந்து சேர்ந்து, 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம் பஞ்சாங்கத்தின் கதை வேறு. அது கவனக்குறைவால் விலகவில்லை. அது பருவத்தை அல்ல, நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. சூரியன் மேஷ ராசியில் நுழையும்போது சித்திரை பிறக்கிறது. பூமியின் அச்சோ பம்பரம் தலையாட்டுவதுபோல் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்ல ஆடுகிறது. அதனால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டை விட 20 நிமிடம் நீளம். சூரிய சித்தாந்தக் கணக்கில் 24 நிமிடம் நீளம். 60 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அன்றைய தேதி 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15.

அதே பஞ்சாங்கத்தின் நுட்பமும் வியக்கத்தக்கது. மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள், ஆனிக்கு 32 நாள் வரை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வந்து வேகமாக ஓடுகிறது. ஜூலையில் தொலைவில் மெதுவாக நகர்கிறது. மாத நாட்களின் ஏற்ற இறக்கத்திலேயே அந்த வேகம் பதிவாகியிருக்கிறது.

1952-இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, நாடெங்கும் வழங்கிய முப்பது பஞ்சாங்கங்களை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22, சைத்ரம் 1, 1879 சகம் என்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. வசந்தச் சமநாளுக்கு மறுநாள் ஆண்டு பிறக்கும். லீப் ஆண்டில் மார்ச் 21. சூரியன் மெதுவாக நகர்வதாகத் தெரியும் ஐந்து மாதங்களுக்கு 31 நாள். அதில் சுதந்திர தினம் என்றைக்கும் சிராவணம் 24, குடியரசு தினம் மாகம் 6.

சாகா அதை நடைமுறையில் பார்க்கவில்லை, 1956-இல் காலமானார். நட்சத்திரமும் பருவமும் வெவ்வேறு கடிகாரங்கள் என்று கணக்கோடு சொன்ன அவர் குழுவின் அறிக்கை நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும். வருடப்பிறப்பைச் சித்திரையில் கொண்டாடுவோம். அதோடு, சமநாள் மார்ச்சிலேயே கடந்துவிட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பண்டிகை நாளை மாற்றத் தேவையில்லை. வானத்தைச் சரியாக அறிந்து கொண்டாடினாலே போதும்.