பழுது பார்த்த பணத்தை வீட்டுக்காரரிடம் கேட்பது எப்படி?



வாடகை வீட்டில் குடியிருப்போர் பலரும் என்றேனும் ஒரு நாள் இந்தச் சங்கடத்தைச் சந்தித்திருப்பீர்கள். கூரை ஒழுகுகிறது, அல்லது சுவருக்குள் ஓடும் குழாய் உடைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் உடனே வந்து பார்க்கும் நிலையில் இல்லை. நம் கைப்பணத்தைப் போட்டுப் பழுது பார்த்துவிடுகிறோம். பிறகு அந்தப் பணத்தை எப்படிக் கேட்பது?

சிலர் கூச்சத்தினால் கேட்காமலே பணத்தை இழக்கின்றனர். வேறு சிலர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாடகையில் பிடித்துக்கொண்டு உறவை இழக்கின்றனர். இந்த இரண்டாவது பிழையை நானும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தை உங்கள் முன் வைப்பது சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் செய்த பிழை

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் அப்போது குடியிருந்தது, மொட்டை மாடியில் தட்டோடு பதித்த ஒரு பழைய வீடு. ஓடுகளின் இணைப்பு விட்டுப்போய், பிள்ளைகள் உறங்கும் அறையில் நீர் ஒழுகியது. இரண்டாம் நாள் ஈரம் சுவர் வழியே இறங்கி மின்கம்பியைத் தொட்டுவிட்டது. விளக்கைப் போடச் சென்ற என் மகனுக்கு ஷாக் அடித்தது. அல்லாஹ்வின் கிருபையால் பெரிய ஆபத்து ஏதும் நேரவில்லை.

வீட்டுக்காரர் வளைகுடா நாடொன்றில் பணியாற்றுபவர். தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். “பார்த்துச் செய்யுங்கள், ஹஜ்ரத்” என்றார். எவ்வளவு ஆகும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மழை விட்டதும் கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்து வேலையை முடித்தேன். மொத்தச் செலவு 18,400 ரூபாய். எங்கள் மாத வாடகையோ 8,000 ரூபாய். அடுத்த மாதம் எதுவும் சொல்லாமல் வாடகையை நிறுத்திக்கொண்டேன்.

பத்தாம் தேதி அவரே பேசினார். “ஹஜ்ரத், நான் இவ்வளவு செலவு செய்யச் சொல்லவில்லையே! அந்த வாடகையில்தானே உம்மாவுக்கு மருந்து வாங்குகிறோம்” என்றார். என்னிடம் பதில் இல்லை. கொத்தனாரிடம் ஒரு ரசீதுகூட நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அதன் பிறகே, சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதையும் அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது.

கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஆனால், குடியிருப்பவரால் கட்டடத்துக்கு ஏற்பட்ட சேதம் இதில் சேராது.

குழாய்த் திருகையும் அதன் வாஷரையும் மாற்றுதல், சாக்கடை அடைப்பை நீக்குதல், கழிப்பறை மற்றும் கை கழுவும் தொட்டியின் பழுது, சுவிட்சு, பிளக், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு.

உரிமையாளர் தம் பொறுப்பிலுள்ள பழுதைப் பார்க்கத் தவறினால் அல்லது மறுத்தால், குடியிருப்பவர் அதைச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எனினும், எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. முழு வாடகையையும் நிறுத்திய என் செயல் சட்டப்படியும் தவறு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதைப் பற்றி அவருக்கு முதலில் அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. அதன் பிறகே நாம் செய்து, செலவைக் கழிக்கவோ கேட்டுப் பெறவோ முடியும். ஆக, முதலில் அறிவிப்பு, பிறகு செலவு. நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன்.

கணக்கைப் பிரித்து எழுதினேன்

மறுநாள் கொத்தனாரைத் தேடிப் பிடித்து ரசீது வாங்கினேன். நீர் ஒழுகிய இடத்தை என் மனைவி கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார், அதுவும் கைகொடுத்தது. செலவை மூன்றாகப் பிரித்தேன். மாடித்தளத்துக்கு 13,500 ரூபாய். மின்கம்பி மாற்ற 3,100 ரூபாய். சுவிட்சுகளுக்கும் குழாய்த் திருகுகளுக்கும் 1,800 ரூபாய். கடைசித் தொகை என் பொறுப்பு. எனவே நான் கேட்க வேண்டியது 16,600 ரூபாய் மட்டுமே. நிறுத்திய வாடகையை உடனே செலுத்திவிட்டு, இவ்வாறு எழுதினேன்:

“உங்களைக் கேட்காமல் வாடகையை நிறுத்தியது என் பிழை, பொறுத்தருள வேண்டும். மழையில் பழுதான மாடித்தளத்தையும் மின்கம்பியையும் சீர்செய்ய 16,600 ரூபாய் செலவாகியுள்ளது. ரசீதுகளும் படங்களும் இத்துடன் உள்ளன. உங்களுக்குச் சம்மதமானால் மாதம் 4,000 ரூபாய் வீதம் நான்கு மாதமும், ஐந்தாம் மாதம் 600 ரூபாயும் வாடகையில் கழித்துக்கொள்கிறேன். உங்கள் வசதி வேறானால் தெரிவிக்கவும்.”

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. “கணக்கு சரிதான். அப்படியே செய்யுங்கள். முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஏன் மறுக்கப் போகிறேன்?” அந்த ஒரு கேள்வி இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

பழுது கண்டதும் படம் எடுங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல் எழுத்திலும் தெரிவியுங்கள். கைப்பேசிச் செய்தியானாலும் தேதி தெரியும்படி அழிக்காமல் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் அஞ்சலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

இயன்றால் இரண்டு பேரிடம் மதிப்பீடு கேட்டு, தொகையைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பின் வேலையைத் தொடங்குங்கள். மின்சாரம் போன்ற ஆபத்தில் காத்திருக்க முடியாது. அப்போது ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் செய்துவிட்டு, அன்றே தெரிவித்துவிடுங்கள். நம் வசதிக்காகப் போடும் அலமாரியையும் டைல்ஸையும் பழுதுக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. போர்வெல் மோட்டார் போன்றவற்றைக் குடிபுகும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. வக்ஃபு வீடுகளில் இருப்போர், அங்குள்ள விதிகளை முத்தவல்லியிடம் கேட்டறிந்து நடக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். “பார்த்துச் செய்யுங்கள்” என்பது பதிலாகாது. எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பழுது பார்க்கப்பட்டது உங்கள் வீடுதான் என்பதை மறவாதீர்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. ஒருவரை நம்பவில்லை என்பதற்காக அன்று; நாளை இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருப்பதற்காகவே எழுதுகிறோம். அந்த வீட்டை விட்டு நாங்கள் வந்து நாளாகிவிட்டது. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்து ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.