ஹத்தாவில் ஒரு பழைய ஊர்

வளைகுடாவில் புதிதாகக் குடியமர்ந்த எமது குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றால் பெரும்பாலும் கடைத்தொகுதிதான். பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம், பெரியவர்களுக்குக் குளிரூட்டியின் கீழ் ஒரு நடை. அதில் குற்றமில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் ஒரு நாளை ஹத்தாவுக்கென ஒதுக்கிப் பாருங்கள். துபாய் நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில், ஹஜர் மலைகளின் நடுவே இருக்கும் இவ்வூரின் பழைய குடியிருப்பைத் திருத்தி, 2001ஆம் ஆண்டில் பாரம்பரியக் கிராமமாகத் திறந்தார்கள்.

இவ்வாறு வீடுகளையே காட்சிப்பொருளாக வைக்கும் வழக்கம் புதியதல்ல. சுவீடனில் ஸ்கான்சன் 1891இல் திறக்கப்பட்டது. ஜப்பானில் கவாசாக்கி நகரத்தில் உழவர் வீடுகளைக் கழற்றி எடுத்து வந்து, மீண்டும் பூட்டி, 1967 முதல் காட்டி வருகிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் தொடங்கிய தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஹத்தாவில் வீடுகள் இடம்பெயரவில்லை. ஊர் எங்கே இருந்ததோ அங்கேயே திருத்தப்பட்டிருக்கிறது.

1896இல் கட்டிய கோட்டை, 1880களில் எழுந்த இரண்டு காவற்கோபுரங்கள், ஒரு பழைய பள்ளிவாசல் ஆகியவற்றைச் சுற்றிப் பார்க்க அதிக நேரம் தேவையில்லை. எம்மவர் நின்று பார்க்க வேண்டியவை வீடுகளே. கல்லும் மண்ணும் சேர்த்த தடித்த சுவர். மேலே பேரீச்ச மரத்தைப் பிளந்த வளை, அதன்மேல் ஓலைப்பாய், அதன்மேல் மண். வெளியே வெயில் எரிக்கும்போதும் உள்ளே தணுப்பாகவே இருக்கும்.

இன்னொரு வகை ‘அரீஷ்’. முழுக்க முழுக்கப் பேரீச்சம் மட்டையாலும் ஓலையாலும் கட்டியது. மட்டைகளுக்கு இடையே காற்றுப் புக இடைவெளி விட்டுக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். கடற்கரையில் வாழ்ந்தவர்கள் கோடை வந்தால் பேரீச்சந் தோட்டங்களுக்குப் பெயர்ந்து இத்தகைய வீடுகளில் தங்குவது வழக்கமாம். எமது கிடுகு வேலியும் பனையோலைக் கூரையும் நினைவுக்கு வராமலா போகும்? எமக்குப் பனை எப்படியோ இவர்களுக்குப் பேரீச்சை அப்படி. பழம் உணவு, ஓலை பாய், நார் கயிறு, மரம் வளை.

இந்நாட்டுப் பழைய வீடுகள் சிலவற்றில் பேரீச்சம் பாகு வடிக்கவென்றே ஓர் அறை உண்டு. தரையில் வரிவரியாக வாய்க்கால். அதன்மேல் பழக்கூடைகளை அடுக்கிவிட்டால் தன் பாரத்தாலேயே பாகு கசிந்து ஒரு மூலைக் குழிக்கு ஓடி வரும். பனங்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு எடுத்த கைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விருந்தினரை இருத்தும் ‘மஜ்லிஸ்’ வாசலை ஒட்டியே இருக்கும். வந்தவர் வீட்டுப் பெண்களின் பகுதியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எமது நாற்சார் வீட்டுக்கு முன்னே தலைவாசலும், தெருவோரத்தில் வழிப்போக்கர் குந்தி இளைப்பாறச் சங்கடப்படலையும் இருந்ததற்கும் இதுவே காரணம். இரண்டையும் பார்த்தறியாத பிள்ளைகளுக்கு இச்சொற்களே இன்று புதியவை.

எம்முடன் வந்தவர்களில் மயிலிட்டியைச் சேர்ந்த முதியவர் ஒருவர். 1990இல் குடும்பத்துடன் வெளியேறியவர். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பின் ஊருக்குப் போனபோது, கிணற்றுக்கட்டை வைத்தே தம் வளவை அடையாளம் கண்டாராம். அரீஷ் வீட்டு வாசலில் பேத்தி அவரிடம், “அப்பப்பா, எங்கட வீடும் இப்படியே?” என்று கேட்டாள். “இல்லைப் பிள்ளை, அது கல்வீடு. குசினி மட்டும் ஓலை,” என்றவர், ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறத் தொடங்கினார். தலைவாசல், விறாந்தை, சாமியறை, குசினி, கிணறு, மாட்டுக்கொட்டில். பேத்தி அதைக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு இன்று மிஞ்சியுள்ள ஒரே படம் அதுதான்.

வசதி வந்த நாட்டிலும் வீடுகள் அழியாமல் இல்லை. துபாய் நகருக்குள், காற்றுக் கோபுரங்களுக்குப் பெயர்போன பஸ்தகியா, ஈரானின் பஸ்தக் பக்கமிருந்து வந்த வணிகர்கள் கட்டிய குடியிருப்பு. 1980களில் அதில் ஏறத்தாழப் பாதியை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சிய பாதிதான் இன்று அல் பாஹிதி என்ற பெயரில் பேணப்படுகிறது. ஹத்தா தூரம் என்பவர்கள் முதலில் அங்கே போகலாம்.

போகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். அடையாள அட்டையும் குடிநீரும் கையில் இருக்கட்டும். பாதை கரடுமுரடு, ஆகவே முதியவர்களுக்கு நல்ல செருப்பு வேண்டும். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள்.