விதைநெல்லும் கைமாற்றும்

இடம்பெயர்ந்தவன் திரும்பிப் போகும்போது வயல் அங்கேதான் இருக்கும். விட்டுவந்த விதைநெல் இருக்காது. எலி தின்றிருக்கும், மழை நனைத்திருக்கும், அல்லது யாரோ ஒருவரின் பசிக்கு உலையில் போயிருக்கும். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் எமது குடும்பங்கள் பல இவ்வாறே இழந்தன. இழந்த விதையை எங்கே போய்த் தேடுவது?

கம்போடிய உழவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. 1975 முதல் 1979 வரை நடந்த பொல் பொட் ஆட்சியில் மக்கள் ஊர்விட்டு ஊர் விரட்டப்பட்டார்கள். உள்ளூர் நெல்லினங்கள் பல வயலிலிருந்து மறைந்தன. ஆனால் அதற்கு முன்னரே திரட்டப்பட்ட கம்போடிய இனங்கள் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் களஞ்சியத்தில் இருந்தன. 1980களில் அவற்றுள் நூற்றுக்கணக்கானவை கம்போடியாவுக்கே திரும்பி வந்தன. முன்னர் கொடுத்து வைத்ததே பின்னர் கைகொடுத்தது.

விதையை இவ்வாறு பகிர்வதற்கு நாடுகளுக்கிடையே ஒரு வலையமைப்பும் உண்டு. அது 1975இல் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டு ஆராய்ச்சி நிலையமும் தனது சிறந்த நெல்லினங்களைக் கொடுக்கும். அவை பெருக்கப்பட்டு, நோயற்றவையா எனச் சோதிக்கப்பட்டு, சிறு பொதிகளாக மற்ற நாடுகளுக்குப் போகும். பாசன வயல், மானாவாரி வயல், உவர்நிலம் என்று நிலத்துக்கேற்பத் தொகுதிகள் வேறு. எல்லோரும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, கண்டதை எல்லோருக்கும் அறிவிப்பார்கள். நல்லதைக் கண்ட நாடு அதை அப்படியே வெளியிடலாம். தனது இனத்தோடு கலந்து புதியதை உருவாக்கவும் செய்யலாம்.

பெரிய நாடு கொடுக்கும், சிறிய நாடு வாங்கும் என்று நாம் எண்ணவேண்டாம். எமது நாட்டின் பழைய நெல்லான ரத்து ஹீனட்டி கபில நிறத் தத்தியை எதிர்த்து நிற்கும். அந்தக் குணத்தை ஆசிய நாடுகள் பலவற்றின் ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பத்தலகொடையில் உருவான பி.ஜி. 90-2 மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டுப் பாசன வயல்களில் பெருமளவில் விளைந்தது. நாம் வாங்கியதும் உண்டு. உவர் தாங்கும் ஏ.ரி. 354 என்ற இனத்தின் பெற்றோரில் ஒன்று கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல். கடல்நீர் ஏறிய வயலை வைத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு நாடு தனித்து எல்லா நோய்க்கும் எல்லா மண்ணுக்கும் விதை தேட முடியாது. பணமும் போதாது, காலமும் போதாது. அயலவன் கண்டுபிடித்ததை மீண்டும் கண்டுபிடிக்கச் செலவழிப்பது வீண்செலவு.

நாடுகளுக்குப் பொருந்துவது எமது கிராமங்களுக்கும் பொருந்தும். பழைய இனம் ஒன்று உங்கள் கையில் இருந்தால், அதை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் மூடி, பெயரும் அறுவடை செய்த ஆண்டும் எழுதி வையுங்கள். ஒரு பங்கை வேறு ஊரிலுள்ள உறவினருக்குக் கொடுங்கள். கன்னொருவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்கும் ஒரு பிடி சேரும் வழியை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கைமாற்றாகக் கொடுத்த பணம் சிலவேளை திரும்பாது. பலர் கையில் கொடுத்த விதையோ ஒருவரிடமிருந்தாவது திரும்பி வரும்.