பாகூர் நெல்லும் நவாபு பட்டமும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலம் வரும். அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. கடைப் பலகையில் ஆட்சிப் பகுதியின் பெயர் மாறுகிறது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறுகிறது. வயலும் வரப்பும் அதேதான். ஆறோ மலையோ வகுக்காத இந்த எல்லைக்கு வேர், ஆற்காட்டு நவாபு பட்டத்துக்காக நடந்த உள்நாட்டுப் போர்.

அந்தப் போரில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே, பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிபின் பக்கம் நின்றார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீன் மாண்டார். படை தந்து உதவியதற்காக, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் சுமார் 80 கிராமங்களைச் சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார்.

ஊர் ஊராகக் கொடுத்ததில்தான் சூட்சுமம். கைமாறியது தீர்வை வாங்கும் உரிமை. ஓர் ஊரின் தீர்வை பிரெஞ்சுக்காரருக்கு, அடுத்த ஊருடையது வேறொருவருக்கு என்றிருந்தால் அன்று யாருக்கும் விநோதமில்லை. வரைபடத்தில் ஏற்றும்போதுதான் அது கிழிந்த துணிபோலத் தெரிகிறது.

துய்ப்ளேவுக்கு இந்த ஊர்கள் ஏன் வேண்டும்? பாரிசிலிருந்த பிரெஞ்சுக் கம்பெனி முதலாளிகள் வியாபார லாபத்தை எதிர்பார்த்தார்கள், சண்டைச் செலவை வெறுத்தார்கள். ஆகவே சிப்பாயின் சம்பளத்தை இங்கேயே தேட வேண்டியிருந்தது. பாகூர் ஏரி நிறைந்து மதகு திறந்தால் நெல். நெல் களத்துக்கு வந்தால் தீர்வை. தீர்வை வந்தால் படை நகரும். பட்டத்துப் போரின் கஜானா அந்த மதகில் இருந்தது. அந்தத் தீர்வையைச் சுமந்தவர் உழவர். இந்தப் போர்களின் வரலாற்றில் தளபதிகளுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

போர் அவர் வயலுக்கே வந்தது. 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதே ஆண்டு பாகூரில், எதிர்ப்பக்கம் நின்ற ஆங்கிலேயரின் தளபதி லாரன்சின் படை பிரெஞ்சுப் படையை முறியடித்து, துய்ப்ளேவின் உறவினரான தளபதி கெர்ஜானைச் சிறைபிடித்தது. 1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1760இல் ஆங்கிலேயர் வில்லியனூரைப் பிடித்தபின் நகருக்குள் தானியம் வரும் வழி குறுகியது. பட்டினியில் புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது. அந்நகரில் கால் நூற்றாண்டாக நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்மூடினார்.

பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட 1763 உடன்படிக்கை, 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்ததை மட்டுமே திருப்பித் தரச் சொன்னது. சந்தா சாகிபு தந்த ஊர்கள் அதில் சேராது. இருபது ஆண்டு கழித்து நிலை மாறியது. 1783 செப்டம்பர் 3, அமெரிக்க விடுதலையை பிரிட்டன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட நாள். அதே நாளில் வெர்சாயில் பிரான்சோடும் ஓர் உடன்படிக்கை. அதன் 13ஆம் ஷரத்து, புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் என்னும் இரு வட்டாரங்களைப் பெயர் சொல்லியே பிரெஞ்சுக்காரருக்குப் பிரிட்டன் பெற்றுத் தரும் என்றது.