ஆய்வுக் கட்டுரையும் கிராமியப் பாட்டும்

விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தில், அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊழியத்தால் வேரூன்றிய கிராமச் சபைகளினின்றும் குருத்துவக் கல்விக்குச் செல்லும் வாலிபனுக்கு, பெரிய நூல்களை மேற்கோள் காட்டிக் கட்டுரை வரைவதைக் காட்டிலும், தன் ஊர் எளிய ஜனங்களின் துயரத்தைத் தேவனைப் பற்றிய விசாரணைக்கு ஆதாரமாகக் கொள்வதே கடினம். 1969இல் மதுரை அரசரடியில் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலே, பரட்டை என்னும் புனைபெயர் பூண்ட தியாபிலஸ் அப்பாவு, கிராமிய மெட்டில் பாட்டுக் கட்டுவதையே இறையியல் சிந்தனையின் அங்கமாக்கினார். பாடுகிற ஜனங்கள் சொல்லை மாற்றிக்கொள்ளச் சுதந்திரம் உண்டென்பது அவர் கொள்கை. ஒரே உலையில் சமைத்துச் சகலரும் கூடியுண்பது அவர் இறையியலின் மையம். எனினும், கட்டுரைக்கு ஈடாக மாணவன் இயற்றிய பாட்டைப் பரிசோதிக்கும் ஆசிரியர், பல்லவியில் எழுந்த கேள்விக்குச் சரணங்களில் விடை தேடப்பட்டிருக்கிறதா என்று, கட்டுரையின் தர்க்கத்தை ஆராயும் அதே சிரத்தையோடு நோக்கி, இல்லையேல் அன்புடன் திருப்பித் தருதல் வேண்டும் என்பது என் துணிபு.